‘என்ஓசி வந்தாச்சு’ என்று 40 லட்சம் கேட்கிறார்கள்: விமானக் கம்பெனியில் பணம் போடலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் டிராவல்ஸ் நடத்துகிறேன். ஓசூர் நண்பர் மூலம் ஓர் ஆலோசகர் அறிமுகமானார். இரண்டு ஏடிஆர் விமானங்களைக் குத்தகைக்கு எடுத்து, பெங்களூரிலிருந்து சேலம், வேலூர், நெய்வேலிக்கு மலிவுக் கட்டண சேவை தொடங்கப் போகிறார்களாம். அமைச்சகத்தின் என்ஓசி வந்துவிட்டது, சிறு ஊர்களுக்கு விமானம் விடும் அரசின் உடான் திட்டத்தில் நஷ்டத்தை அரசு ஈடுகட்டும், லேண்டிங் சார்ஜே கிடையாது என்கிறார். 40 லட்சம் போட்டால் பங்கு தருவார்களாம். 2 லட்சம் டோக்கன் கொடுத்துவிட்டேன். லாபம் வருமா?

பதில்: மீதி 38 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

என்ஓசி என்பது விமானம் ஓட்டும் உரிமம் இல்லை. ‘முயற்சி செய்து பாருங்கள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை’ என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் கொடுக்கும் கடிதம், அவ்வளவுதான். உரிமம் என்பது அதற்கப்புறம் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ தரும் ஏஓசி என்ற சான்றிதழ். அதற்கு ஐந்து கட்டங்கள் உண்டு. கையேடுகள் எழுத வேண்டும், பைலட், என்ஜினீயர், பாதுகாப்பு அதிகாரி எல்லோரையும் சம்பளத்துக்கு வைக்க வேண்டும், கடைசியில் பயணிகள் இல்லாமல் பறந்து காட்ட வேண்டும். பறந்து காட்ட விமானம் வேண்டுமே! அதாவது ஒரு டிக்கெட் விற்பதற்கு முன்பே விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, மாத வாடகையை டாலரில் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கையேட்டில் ஒரு பக்கத்தைத் திருத்தச் சொல்லிக் கோப்பு திரும்பி வந்தால், அந்த வாரத்து வாடகையும் உங்கள் தலையில்தான். தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும், டெல்லியில் இருப்பவர்களுக்கும் தெரியும். மாற்றத்தான் யாருக்கும் அவசரம் இல்லை.

அதனால் என்ஓசி கடிதத்தின் ஜெராக்ஸைக் காட்டிப் பணம் கேட்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ஏஓசி எந்தக் கட்டத்தில் இருக்கிறது? ‘ஆள் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ‘பழைய கம்பெனி ஒன்றின் ஏஓசி விலைக்கு வருகிறது’ என்றும் சிலர் சொல்வார்கள். ஏஓசி என்ன கைமாற்றி விற்கும் பர்மிட்டா? விமானமும் ஆட்களும் போன பிறகு அது வெறும் காகிதம்.

அடுத்த பொறி மூலதனம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் இரண்டு தொகைகள் வரும். ஒன்று அங்கீகரிக்கப்பட்ட மூலதனம், மற்றொன்று செலுத்தப்பட்ட மூலதனம். புரோக்கர் பிரிண்ட் எடுத்துக் காட்டுவது முதல் தொகையை. அது ‘இவ்வளவு வரை பங்கு வெளியிடலாம்’ என்ற உச்சவரம்புதான், பெட்டியில் இருக்கும் பணம் கிடையாது. ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களை வைத்து அட்டவணைப்படி சேவை நடத்த, ஐந்து விமானம் வரை செலுத்தப்பட்ட மூலதனம் 20 கோடி ரூபாய் வேண்டும். உங்கள் ஆலோசகரின் கம்பெனியில் அந்த இரண்டாவது தொகை என்ன என்று இன்றைக்கே பாருங்கள். ஒரு லட்சம் என்று இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

லேண்டிங் சார்ஜ் இல்லை என்று சொன்னார் பாருங்கள், அது உண்மை. உண்மையாக இருப்பதால்தான் அதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. உள்நாட்டில் அட்டவணைப்படி பறக்கும் கம்பெனியின் விமானத்தில் 80-க்கும் குறைவான இருக்கைகள் இருந்தால் தரையிறங்கும் கட்டணம் இல்லை. பெங்களூரு போன்ற தனியார் விமான நிலையத்திலும் இல்லை. இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆனால் இங்கே மூன்று விஷயங்கள். முதலாவது, அட்டவணைப்படி சேவை நடத்துபவருக்குத்தான் சலுகை. சார்ட்டராக, அதாவது அட்டவணை இல்லாமல் கேட்பவருக்கு மட்டும் ஓட்டுவதாகத் தொடங்கிப் பிறகு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அதுவரை சலுகை இல்லை. இரண்டாவது, கணக்கில் வருவது விமானத்துக்குச் சான்றளிக்கப்பட்ட இருக்கை எண்ணிக்கை. அன்றைக்கு எத்தனை பேர் ஏறினார்கள் என்பது இல்லை. மூன்றாவதுதான் முக்கியம்: இந்தக் கட்டணம் விமானத்தின் எடையை வைத்துப் போடுவது, ஏடிஆரோ எடை குறைந்த விமானம். ஆகவே மிச்சமாகும் தொகையும் சிறியதுதான். வாடகை, என்ஜின் பராமரிப்பு, எரிபொருள் ஆகிய மூன்று பெரிய செலவுகளில் ஒரு பைசா குறையாது. எரிபொருள் மட்டுமே மொத்தச் செலவில் 30 முதல் 40 சதவீதம் வரை வரும். ஜிஎஸ்டி வந்தது 2017-இல். விமான எரிபொருளை இன்னும் அதற்குள் கொண்டுவரவில்லை, மாநிலத்துக்கு மாநிலம் வாட் வேறு. ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டங்களில் பேசுகிறார்கள், எழுந்து போகிறார்கள்.

உடான் மானியத்துக்கு வருவோம். ஒரு வழித்தடத்துக்கு மூன்று ஆண்டுகள்தான் மானியம். அதற்கப்புறம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கையைப் பாருங்கள். உடான் 3 வரை ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்று ஆண்டுகளை முடித்தவை 112. அதற்குப் பிறகும், 2023 மார்ச் வரை ஓடிக்கொண்டிருந்தவை 54. ஆலோசகர் உங்களுக்கு இந்தத் தாளைக் காட்டியிருக்க மாட்டார். வேலூரும் நெய்வேலியும் உடான் பட்டியலில் ஏறி ஆண்டுகள் ஆகின்றன. பட்டியலில் ஏறுவது வேறு, விமானம் இறங்குவது வேறு. அந்த ஓடுதளங்களுக்கு டிஜிசிஏ உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சேலத்துக்கு உங்கள் வாடிக்கையாளரையே நினைத்துப் பாருங்கள். சில்க் போர்டில் இருப்பவர் சேலம் போகத் தெற்கே போக வேண்டும், விமான நிலையமோ வடக்கே தேவனஹள்ளியில். ஹெப்பாள் மேம்பாலத்தைத் தாண்டி, செக்யூரிட்டி முடித்து அவர் கேட் முன்னால் உட்காரும் நேரத்தில், அதே வேளையில் பஸ் ஏறியவர் கிருஷ்ணகிரியைப் பார்த்திருப்பார். போதாததற்கு, 2023 அக்டோபரிலேயே பெரிய கம்பெனிகள் உடானில் அந்த வழித்தடத்துக்கு வந்துவிட்டன.

குறுகிய தூரத்தில் இன்னொரு நஷ்டமும் உண்டு. உங்கள் டெம்போ டிராவலர் ஷெட்டில் நின்றாலும் இஎம்ஐ நிற்காது இல்லையா, விமானமும் அப்படித்தான். அதனால் இண்டிகோ மாதிரிக் கம்பெனிகள் ஒரு விமானத்தை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வானத்திலேயே வைத்திருக்கப் பார்க்கின்றன. சேலம் போன்ற தூரத்தில் பாதி நாள் தரையில் ஏற்றி இறக்குவதிலேயே போய்விடும். சக்கரமும் பிரேக்கும் தேய்வது இறங்கும் எண்ணிக்கையைப் பொறுத்தது. கிலோமீட்டரைப் பார்த்து அது தேயாது.

மலிவுக் கட்டணக் கம்பெனி என்றால் டிக்கெட்டை மலிவாக விற்பது என்று நினைத்துவிடுகிறார்கள். செலவு மலிவாக இருக்க வேண்டும், அதுதான் விஷயம். இண்டிகோ 2006-இல் பறப்பதற்கு முன்பே, 2005-இல், 100 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மொத்தமாக வாங்கித் தள்ளுபடி பெற்று, வந்த விமானத்தை வாடகைக் கம்பெனிக்கு விற்று, அதையே குத்தகைக்கு எடுத்தது. இரண்டு விமானக் கம்பெனிக்கு அந்தப் பேரம் படியுமா? இதே பெங்களூரில் கேப்டன் கோபிநாத் 2003-இல் தொடங்கிய ஏர் டெக்கான் ஒரு ரூபாய்க்குக்கூட டிக்கெட் விற்றது. ஊரெல்லாம் பறந்தது, லாபம் நிலைக்கவில்லை, கடைசியில் கிங்ஃபிஷரோடு சேர்ந்தது. 2015 ஏப்ரலில் இங்கிருந்தே ஏடிஆர்களோடு கிளம்பிய ஏர் பெகாசஸ் 2016 ஜூலையில் நின்றது. உங்கள் ஆலோசகர் காட்டும் திட்டம் கிட்டத்தட்ட அதேதான்.

‘ஓசூரில் விமான நிலையம் வந்தால் எல்லாம் மாறிவிடும்’ என்பார். தமிழக அரசு 2024-இல் அறிவித்தது உண்மை. ஆனால் தேவனஹள்ளி நிலையத்தைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் புதிய நிலையம் கூடாது என்ற ஒப்பந்தம் 2033 வரை இருக்கிறது. அதை நம்பி மனை வாங்குபவர்களுக்கும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி உங்கள் 2 லட்சம். தனியார் கம்பெனி இப்படிப் பங்குக்குப் பணம் வாங்க வேண்டுமானால் உங்கள் பெயருக்கே பிஏஎஸ்-4 என்ற கடிதம் தர வேண்டும். பணம் வங்கி மூலம் கம்பெனியின் தனிக் கணக்குக்குப் போக வேண்டும், ரொக்கம் கூடாது. வாங்கிய 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும், தவறினால் 12 சதவீத வட்டியோடு. நீங்கள் ஆலோசகரின் சொந்தக் கணக்குக்கு ஜிபே செய்திருந்தால் சட்டப்படி அது பங்குப் பணமே இல்லை, அவருக்கு நீங்கள் கொடுத்த கடன் மாதிரி ஆகிவிடும். ஆகவே வாட்ஸ்அப்பில் கெஞ்சிக்கொண்டிருக்காமல், எந்தத் தேதியில், யார் கணக்குக்கு, எதற்காகக் கொடுத்தீர்கள் என்று எழுதி, கம்பெனி முகவரிக்கும் அவர் வீட்டு முகவரிக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து வையுங்கள். ‘விமானக் குத்தகைக்கு டெபாசிட் கட்டிவிட்டோம், அதில் உங்கள் பணமும் போய்விட்டது’ என்று சொன்னால், குத்தகை தரும் கம்பெனியின் பெயரில் உள்ள ரசீதைக் கேளுங்கள். ஏடிஆரைக் கண்ணால் பார்க்காத இடைத்தரகர்கள், குத்தகைக்கு எடுக்க விருப்பம் என்று மட்டும் சொல்லும் விருப்பக் கடிதம் ஒன்றை அச்சடித்து டெபாசிட் வசூலிப்பது இந்தத் தொழிலில் பழைய வேலை. ரசீது வராவிட்டால் ஒரு வக்கீல் நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் போலீசில் புகார். உங்களை அறிமுகப்படுத்திய ஓசூர் நண்பரும் பணம் போட்டிருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். போட்டிருந்தால் இருவரும் சேர்ந்தே புகார் கொடுக்கலாம். போடவில்லை என்றால், அவருக்கு இதில் எவ்வளவு கமிஷன் என்று கேளுங்கள்.