இருண்ட இளையோர் நாவல்களில் வெகுளிப் பிள்ளைகள் எதற்கு?

இளையோருக்கான இருண்ட நாவல்களில் வெகுளியான பிள்ளை ஒன்று வந்தாலே அது சாகப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது, வாசகரை அழவைக்கும் உத்திதானே இது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல நாவல்களில் அப்படித்தான். ஆனால் லோயிஸ் லோரியின் 'தி கிவர்' (1993) படித்தால், அதில் வெகுளி யார் என்றே குழம்பிப்போவீர்கள். என்னைக் கேட்டால், அது 12 வயது ஜோனாஸ் இல்லை, அவனுடைய அப்பா.

வலியும் நிறமும் பழைய நினைவும் இல்லாமல் ஆக்கப்பட்ட ஊர் அது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. சரியாக வளராத ஒரு குழந்தையை வீட்டுக்கே தூக்கி வந்து சீராட்டும் அளவுக்கு நல்ல மனுஷன். ஒரே சாயலில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தால் எடை குறைந்ததை 'விடுவித்து'விட வேண்டும் என்பது ஊர் விதி. வேறெங்கோ அனுப்பிவைப்பார்கள் என்றுதான் ஜோனாஸ் நினைத்திருந்தான். பிறகு அதன் பதிவைப் பார்க்கிறான். அப்பா இரண்டையும் எடை போடுகிறார். சிறியதன் நெற்றி நரம்பில் ஊசியை இறக்குகிறார், வீட்டில் கொஞ்சும் அதே குரலில் கொஞ்சிக்கொண்டே. உடம்பு அடங்கியதும் அட்டைப்பெட்டியில் வைத்துக் குப்பைக் குழாயில் தள்ளி, டாட்டா காட்டுகிறார். செய்தது கொலை என்பதே அவருக்கு உறைக்காது. கல்மிஷமே இல்லாத மனசு! அமெரிக்கப் பள்ளிகளிலிருந்து இந்த நாவலை நீக்கச் சொல்லிப் பெற்றோர் புகார் கொடுத்ததற்கு இந்தக் காட்சியும் ஒரு காரணம். இதைப் பார்த்த பிறகுதான் ஜோனாஸ் ஊரைவிட்டுக் கிளம்பவே முடிவெடுக்கிறான். அவன் வெகுளித்தனம் போனது இழப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜான் பாய்னின் 'தி பாய் இன் த ஸ்ட்ரைப்ட் பஜாமாஸ்' (2006) எனக்கு ஒட்டவே இல்லை. கடைசியில் செத்துப்போகும் பிள்ளை, வதைமுகாம் தளபதியின் 9 வயது மகன். அவனுக்கு யூதர்கள் என்றால் யார் என்றே தெரியாதாம். நாஜி ஜெர்மனியின் பள்ளிக்கூடங்களே யூத வெறுப்பைப் பாடமாக நடத்தின. உங்கள் குற்றச்சாட்டு இந்த நாவலுக்குச் சரியாகப் பொருந்தும்.

அப்புறம் சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008). ஆட்சியாளர்கள் பிள்ளைகளைச் சாகும்வரை மோதவிடும் போட்டிதான் கதை. அதில் வரும் 12 வயது ரூவை எல்லோரும் ஒன்றும் அறியாத பிள்ளை என்பார்கள். அவளா? பழத்தோட்டத்தில் உச்சிக்கிளை ஏறி வேலை செய்தவள். விளைந்ததில் வாய்வைத்தால் சவுக்கடி என்று தெரிந்தவள். குளவிக்கூடு இருப்பதைக் கதாநாயகி கேட்னிஸுக்குக் காட்டிக்கொடுப்பவளும், கொட்டிய இடத்தில் இலையை மென்று அப்புபவளும் அவள்தான். உலகம் எவ்வளவு கொடியது என்று தெரிந்துகொண்டே ஒருத்தியை நம்புகிறாள். அவளும் அந்தப் போட்டியில் சாகிறாள்தான். அழவைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் அவள் கதை முதல் நாவலோடு முடிந்திருக்கும். அடுத்த நாவலில், தோட்ட வேலை முடிந்ததென்று அவள் பாடிவந்த நாலு சுர மெட்டை, கூட்டத்தில் நிற்கும் ஒரு கிழவர் விசிலடிக்கிறார். அதற்காகவே அவரை மேடையேற்றிச் சுடுகிறார்கள். ஒரு சின்னப் பெண்ணின் மெட்டுக்கு ஆட்சியாளர்கள் அவ்வளவு பயப்படுகிறார்கள்.