மேட்டில் வீடு, பள்ளத்தில் கிணறு: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை தண்ணீர் மோட்டரைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர்களில் பலரிடம் யாரோ “மோட்டர் போய்விட்டது, புதுசு வாங்குங்கள்” என்று சொல்லியிருக்கிறார்கள். கடிதங்களில் உள்ள அறிகுறிகளைப் பார்த்தால் ஒருவரும் புது மோட்டர் வாங்க வேண்டியிருப்பதாகத் தெரியவில்லை.

அரைக் குதிரைவலு மோட்டரோடு 24 லீற்றர் பிரஷர் டேங்க் வைத்திருக்கிறோம். மூன்று வருடம் ஒரு தொல்லையும் இல்லை. இப்போது குழாயைத் திறந்தால் டக்கென்று ஓடி, டக்கென்று நிற்கிறது. ஒரு வாளி நிறைவதற்குள் பத்துத் தடவை. பிரஷர் சுவிட்சை மாற்றியும் அப்படியேதான். — வாசகி, பண்டாரவளை

டேங்கில் காற்று இறங்கிவிட்டது. அந்த டேங்குக்குள்ளே ஒரு ரப்பர் பை இருக்கிறது. தண்ணீர் பைக்குள்ளே, காற்று பைக்கும் இரும்புக்கும் நடுவே. தண்ணீரை நசுக்க முடியாது, காற்றை நசுக்கலாம். நசுங்கிய காற்று தள்ளுவதால்தான் மோட்டர் ஓடாத நேரத்திலும் குழாயில் தண்ணீர் வருகிறது. காற்று போனால் ஒரு கோப்பை தண்ணீர் எடுத்ததுமே அழுத்தம் விழுந்துவிடும், மோட்டர் ஓடும், உடனே அழுத்தம் ஏறிவிடும், நிற்கும்.

பார்ப்பது எளிது. முதலில் பிரேக்கரை இறக்குங்கள். டேங்கின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். கழற்றினால் மோட்டார் சைக்கிள் டயரில் இருப்பதைப் போன்ற வால்வ் தெரியும். அதன் நடு ஊசியை ஆணி நுனியால் ஒரு நொடி அமுக்குங்கள். காற்று வந்தால் பை பிழைத்திருக்கிறது, காற்று மட்டும் குறைவு. ஒன்றுமே வராவிட்டால் காற்று முற்றாகப் போய்விட்டது, அடைத்துப் பார்க்கலாம். தண்ணீர் பீறிட்டால் பை கிழிந்துவிட்டது.

காற்று அடைக்கும்போது எல்லோரும் செய்யும் தவறு, டேங்கில் தண்ணீர் இருக்கும்போதே அடைப்பது. அப்போது டயர் கேஜ் காட்டுவது தண்ணீரின் அழுத்தத்தை. ஆகவே வீட்டில் மிகத் தாழ்வாக உள்ள குழாயைத் திறந்து, டேங்கோடு உள்ள தண்ணீர் அழுத்தக் கேஜ் பூச்சியத்துக்கு வந்த பிறகும் மூடாமல் திறந்தபடியே விட்டு, சைக்கிள் பம்பால் அடியுங்கள். எவ்வளவு? மோட்டர் எந்த அழுத்தத்தில் ஓடத் தொடங்குகிறதோ அதைவிட 2 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) குறைவாக. சிறிய வீட்டு மோட்டர்களின் சுவிட்ச் பெரும்பாலும் 20இல் தொடங்கி 40இல் நிற்கும். அப்படியானால் 18. சரியாக அடைத்த 24 லீற்றர் டேங்க், மோட்டர் நின்றதிலிருந்து மறுபடி ஓடும்வரை ஏறத்தாழ 8 லீற்றர் தரும். 24ம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பை கிழிந்திருந்தால் டேங்கையே வீச வேண்டியதில்லை. பைப் பக்கத்துத் தட்டு போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருந்தால் பை மாற்றக்கூடிய வகை. பழைய பையைக் கையோடு ஹாட்வெயார் கடைக்குக் கொண்டுபோங்கள், வாயின் அகலம் டேங்குக்கு டேங்க் மாறும். பழைய டேங்கின் உட்புறத்தைத் துடைத்துக் காயவிட்டு, துரு பொருக்கு ஏதும் நீட்டிக்கொண்டிருந்தால் தேய்த்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

புதுச் சுவிட்சைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றில்லாத டேங்கோடு அதையும் ஓடவிட்டால் உள்ளே மின்சாரத்தை இணைத்துப் பிரிக்கும் உலோகப் பொட்டுகள் கருகும். ஒருநாள் அவை ஒட்டிக்கொண்டால் மோட்டர் நிற்கவே நிற்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காற்றைப் பார்ப்பது இதைவிட மலிவு.

எங்கள் கிணற்றில் தண்ணீர் மட்டம் மோட்டருக்கு 22 அடி கீழே. வத்தளையில் தங்கை வீட்டில் அதே மோட்டர் அதே 22 அடியில் அருமையாக இழுக்கிறது. இங்கே மழைக்காலத்தில் ஓடிய மோட்டர், மாசி மாதம் வந்ததும் கூழாங்கல் உருள்வதைப் போலச் சத்தம் போடுகிறது, தண்ணீர் இல்லை. — வாசகர், நுவரெலியா

மோட்டர் தண்ணீரை இழுப்பதில்லை. பைப்பில் உள்ள காற்றை அது வெளியேற்றுகிறது, கிணற்று நீரின்மேல் அமர்ந்திருக்கும் காற்றின் பாரம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடலோரத்தில் அந்தப் பாரம் தண்ணீரை அதிகபட்சம் 10.3 மீற்றர் தூக்கும். நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேலே 1,868 மீற்றர், அங்கே 8.2 மீற்றர் அளவுதான். இரண்டு மீற்றர், அதாவது ஆறேழு அடி, மோட்டரைத் தொடும் முன்பே போய்விட்டது. பைப்பின் உராய்வு, மோட்டர் தனக்கென்று கேட்கும் மிச்சம் இரண்டையும் கழித்தால் உங்கள் ஊரில் 17 அடிவரை நம்பலாம். பெட்டியில் ‘சக்‌ஷன் 8 மீற்றர்’ என்று இழுக்கும் உயரத்தை அச்சிட்டிருப்பது கடல் மட்டத்துக் கணக்கு. அந்தக் கூழாங்கல் சத்தம், தண்ணீர் மோட்டருக்குள்ளேயே குமிழ்களாகி உடையும் சத்தம். நீண்ட நேரம் விட்டால் உள்ளே உள்ள சக்கரம் அரித்துப் போகும்.

இழுக்கும் உயரத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. தள்ளும் உயரம் அதிகரித்தால் பரவாயில்லை, மோட்டரைக் கிணற்றுப் பக்கம் இறக்குங்கள். கிணற்றுக் கட்டுக்குக் கீழே சரிவில் ஒரு படி வெட்டி, மேலே தகரம் போட்டு வைத்தால் ஐந்தாறு அடி மிச்சமாகும். சக்‌ஷன் பைப் முக்கால் அங்குலமாக இருந்தால் ஒரு அங்குலமாக்குங்கள். பைப் கிணற்றிலிருந்து மோட்டர்வரை ஏறிக்கொண்டே போக வேண்டும், நடுவே ஒரு கூன் இருந்தாலும் அங்கே காற்று தங்கிவிடும். ஃபுட் வால்வ், அதாவது பைப்பின் கீழ் நுனியில் தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வ், கிணற்றின் தரையிலிருந்து ஒரு அடி மேலேயும், கோடையிலும் தண்ணீருக்குள் இரண்டு அடி மூழ்கியும் இருக்கட்டும்.

இதைச் செய்யும் முன் பைப்பில் காற்றுக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சக்‌ஷன் பக்கக் கசிவில் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். சவர்க்கார நுரை இங்கே ஊதிக் காட்டாது. மோட்டர் ஓடும்போது ஒவ்வொரு மூட்டின்மேலும் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எந்த மூட்டில் ஊற்றும்போது சத்தம் மாறுகிறதோ அதுதான் குற்றவாளி.

கிணறு பள்ளத்தில், வீடு 60 அடி மேலே. மோட்டர், டேங்க், சுவிட்ச் எல்லாம் கிணற்றடியில். குழாயில் தண்ணீர் நின்ற பிறகும் மோட்டர் ஓடுவதில்லை. கீழே போய்ப் பார்த்தால் கேஜ் 26 காட்டுகிறது. — வாசகர், ஹட்டன்

கேஜ் பொய் சொல்லவில்லை. ஒரு அடி உயரத் தண்ணீர் 0.43 பிஎஸ்ஐ அழுத்தும், 60 அடிக்கு 26. வீட்டுக் குழாய் வறண்டாலும் பைப்பில் நிற்கும் தண்ணீரின் பாரம் கீழே 26ஆகவே இருக்கும். உங்கள் சுவிட்ச் 20க்கு இறங்கினால்தான் ஓட்டும். அது இந்த ஜென்மத்தில் இறங்காது.

சுவிட்சின் பெரிய ஸ்பிரிங்கை முறுக்கி 46க்கும் 66க்கும் ஏற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். 40 மீற்றர் தள்ளும் அரைக் குதிரைவலு மோட்டரின் உச்சமே 57 பிஎஸ்ஐ. 66ஐ எட்டாமல் நிற்காமலே ஓடி எரியும். டேங்கையும் சுவிட்சையும் வீட்டுக்கு ஏற்றுவது முறையான வழி, ஆனால் அங்கே 40 பிஎஸ்ஐ வேண்டுமென்றால் மோட்டர் மொத்தம் 150 அடிக்கு மேல் தள்ள வேண்டும். இந்த மோட்டரால் ஆகாது.

எங்கள் அபிப்பிராயம்: மலையே இருக்கும்போது பிரஷர் டேங்க் எதற்கு? வீட்டுக்குப் பின்னால் மேடு இருந்தால், 25 அடி உயரத்தில் ஒரு 1,000 லீற்றர் டேங்க் வையுங்கள். மோட்டர் மெதுவாக நிரப்பட்டும், டேங்க் நிறைந்ததும் ஃப்ளோட் சுவிட்ச் (மிதவைச் சுவிட்ச்) நிறுத்தட்டும். குழாயில் 11 பிஎஸ்ஐ கிடைக்கும், கரண்ட் இல்லாத நாளிலும் வரும். உடனடியாகச் சூடாக்கும் வகை ஷவர் ஹீட்டர் மட்டும் இந்த அழுத்தத்தில் முரண்டு பிடிக்கலாம்.

இரவில் யாரும் குழாய் திறக்காதபோதும் அரை மணிக்கொரு தடவை மோட்டர் ஓடி நிற்கிறது. — வாசகி, வெலிமடை

டேங்குக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள கேட் வால்வை இரவில் மூடி, கேஜைப் பாருங்கள். கேஜ் அசையாவிட்டால் கசிவு வீட்டுக்குள்ளே, முதலில் கழிவறைத் தொட்டியில் ஒரு சிட்டிகை மஞ்சளைக் கரைத்து விடுங்கள். அரை மணியில் கோப்பைக்குள் மஞ்சள் தெரிந்தால் அங்கே ஒழுகுகிறது. வால்வை மூடியும் கேஜ் இறங்கினால் தண்ணீர் கிணற்றுக்கே திரும்புகிறது. ஃபுட் வால்வின் ரப்பருக்கும் இருக்கைக்கும் நடுவே மணலோ இலைத் துண்டோ சிக்கியிருக்கும். தூக்கிக் கழுவினால் பாதித் தடவை போதும், ரப்பர் வெட்டுப்பட்டிருந்தால் வால்வையே மாற்றுங்கள்.

ஒரு மாதம் பூட்டியிருந்த வீடு. சுவிட்சைப் போட்டால் மோட்டர் ‘ம்ம்ம்’ என்கிறது, சுற்றவில்லை. — வாசகர், தலவாக்கலை

உடனே நிறுத்துங்கள், அரை நிமிடம் முனகினாலே சுருள் சூடாகும். பிரேக்கரை இறக்கிவிட்டுப் பின்னால் உள்ள விசிறி மூடியைக் கழற்றினால் தண்டின் நுனியில் பல மோட்டர்களில் ஸ்குரூ டிரைவருக்கான வெட்டு இருக்கும். இரண்டு பக்கமும் மெதுவாக அசைத்துத் திருப்புங்கள். ஓய்ந்திருக்கும்போது பித்தளைச் சக்கரம் துருவோடும் சுண்ணாம்போடும் ஒட்டிக்கொள்ளும். இலகுவாகச் சுற்றியும் முனகினால், மோட்டரைச் சுற்றத் தொடங்க வைக்கும் கெப்பாசிட்டரில் குறை. அதன்மேல் எழுதியுள்ள அதே மைக்ரோஃபாரட் அளவில், 450 வோல்ட் வகையாக வாங்குங்கள். பழையதன் இரு முனைகளையும் வெறுங்கையால் தொட வேண்டாம், கரண்ட் நிறுத்திய பின்பும் அடிக்கும். புதுக் கெப்பாசிட்டரோடும் மாலை ஆறு மணிக்குப் பின் மட்டும் முனகினால், அந்த நேரத்தில் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். 230க்குப் பதிலாக 180 வந்தால் மோட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, காலையிலேயே டேங்கை நிரப்பி வையுங்கள்.