130 பூஜ்யத்துக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: பென்னாகரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். ஒரு மாணவன் வீடியோ பார்த்துவிட்டு வந்து, “100 அமினோ அமிலம் கொண்ட புரதம் தானாக அமைய, 1-க்குப் பின் 130 பூஜ்யம் போட்டால் வருகிற எண்ணில் ஒரு வாய்ப்புதானாம் சார். அப்படியென்றால் யாரோ வடிவமைத்ததுதானே?” என்கிறான். என்ன சொல்வது?

பதில்: கணக்கு சரி என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. 20 வகை அமினோ அமிலம், 100 இடம். 20-ஐ நூறு தடவை பெருக்கினால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். மட்டம் தட்டினால் பையன் வீடியோ பக்கமே போய்விடுவான்.

சிக்கல் வேறிடத்தில். ஒரே ஒரு வரிசைதான் வேலை செய்யும், அதுவும் ஒரே வீச்சில் விழ வேண்டும் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. முதல் பாதியை 2001-இல் கீஃப், ஷோஸ்டாக் என்ற இரு விஞ்ஞானிகள் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 80 அமினோ அமிலங்களைக் கண்டபடி கோத்து சுமார் 6 லட்சம் கோடி புரதங்களை உண்டாக்கி, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியைப் பற்றிக்கொள்பவை எவை என்று கேழ்வரகு மாவைப்போலச் சலித்தார்கள். நான்கு குடும்பங்கள் தேறின. ஏறக்குறைய பத்தாயிரம் கோடியில் ஒன்று. அரிதுதான், ஆனால் 11 பூஜ்யம் எங்கே, 130 பூஜ்யம் எங்கே!

இரண்டாம் பாதிக்குப் பத்து லூடோ பகடை போதும். பத்திலும் ஒரே வீச்சில் ஆறு விழுவது சுமார் 6 கோடியில் ஒரு தடவை. ஆறு விழுந்ததை ஒதுக்கிவைத்து மீதியை மட்டும் உருட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் 20 சுற்றுக்குள் முடிந்துவிடும். கெட்டிக்காரப் பையன் என்றால், “ஒதுக்கிவைக்கிற கை யாருடையது சார்?” என்பான். உயிரினங்களில் அது இயற்கைத் தேர்வு. ஆனால் தேர்வு நடக்க, தன்னைத்தானே படியெடுக்கும் ஏதோவொன்று ஏற்கெனவே இருக்க வேண்டும். அது முதன்முதலில் எப்படி வந்தது என்பதற்குப் பகடை உதாரணம் செல்லாது. மழுப்ப வேண்டாம்.

அங்கே முழு விடை இன்னும் இல்லை; தடயங்கள் உண்டு. 1969-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லிலேயே அமினோ அமிலங்கள் இருந்தன. எனக்குப் பிடித்த தடயம் ரைபோசோம். செல்லில் புரதத்தைக் கோக்கிற இயந்திரம் அது. அதில் கோக்கிற வேலையைச் செய்வது புரதமல்ல, டிஎன்ஏவின் உறவுக்கார மூலக்கூறான ஆர்என்ஏ. ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து 2009-இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான வெங்கி ராமகிருஷ்ணன் நம் சிதம்பரத்தில் பிறந்தவர். உயிர் புரதத்திலிருந்து தொடங்கவில்லை, ஆர்என்ஏவிலிருந்துதான் தொடங்கியது என்றால், அந்த 130 பூஜ்யம் தவறான பொருளுக்குப் போட்ட கணக்கு.

அப்புறம், அடுத்த வாரம் அவன் பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் வால் போன்ற கசையிழையோடு வருவான். ஒரு பாகத்தை உருவினாலும் ஓடாது, எனவே படிப்படியாக வந்திருக்க முடியாது என்பது 1996-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பெஹி வைத்த வாதம். ஊர்ப்பக்கம் பழைய கல் வளைவு மதகு இருந்தால் அழைத்துப்போய்க் காட்டுங்கள். இன்று ஒரு கல்லை உருவினாலும் சரியும். ஆனால் கட்டியபோது அடியில் சாரம் இருந்தது; முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். படிப்படியாக வந்ததும் இன்று ஒரு பாகம் குறைந்தால் ஓடாமல் போகலாம்.