கூத்து மேடையிலிருந்து கேமரா முன்னால்

கேள்வி: பாலக்கோடு பக்கம் கிராமம். வயது 24. எங்கள் ஊர் நாடக சபாவில் மூன்று வருடமாகக் கர்ணன் மனைவி பொன்னுருவி, திரௌபதி வேஷம் கட்டுகிறேன். சினிமா ஆடிஷனுக்குப் போனேன். "நாடகத்தனமா இருக்கு, ரொம்ப ஓவர்" என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒருவர் ரூ.25,000 கட்டினால் வேஷம் நிச்சயம் என்கிறார். "மனோரமாவே நாடகத்திலிருந்து வந்தவங்கதானே" என்று அம்மா தெம்பு சொல்கிறார். கூத்தை விட்டால்தான் சினிமா வருமா?
- பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்

பதில்: முதலில் பணம். கட்டாதீர்கள். நடிக்க வருகிறவருக்குக் கம்பெனிதான் பணம் தரும், வாங்காது. பதிவுக் கட்டணம், போட்டோ ஷூட், சங்க கார்டு, காஸ்ட்யூம் டெபாசிட் என்று பெயரை மாற்றி மாற்றிக் கேட்பார்கள்; எல்லாம் ஒரே வலைதான். படத்தின் பெயர், தயாரிப்பு கம்பெனி, டைரக்டர் பெயர் மூன்றையும் அவரிடம் கேளுங்கள். கம்பெனி அலுவலக எண்ணை நீங்களே தேடிக் கூப்பிட்டு விசாரியுங்கள். அவர் கொடுக்கும் எண்ணில் பேசினால் அவருடைய ஆளே எடுப்பான். ஆடிஷன் என்றால் பகல் நேரம், அலுவலகம், கூட ஒரு ஆள். லாட்ஜ் ரூம் என்றால் பேச்சே வேண்டாம். ஏற்கெனவே போனில் பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். தாமதமானால் மீட்பது கஷ்டம்.

இனி "ஓவர்" என்ற பேச்சு. அது உங்கள் நடிப்பைப் பற்றிய தீர்ப்பு இல்லை, அளவைப் பற்றியது. கூத்தில் கடைசி வரிசை ஐம்பது அடிக்கு அப்பால், பாதி பேர் தூக்கக் கலக்கத்தில். அங்கே போய்ச் சேரத்தான் புருவம், கை, குரல் எல்லாம் பெரிதாகிறது. ஒரே கோபத்தைத் திரை விருத்தத்தில் (திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பாடும் அறிமுகப் பாட்டு) ஒரு முறை, பாட்டில் ஒரு முறை, வசனத்தில் ஒரு முறை சொல்கிறீர்கள். சினிமாவில் அது ஒரே முறை, பெரும்பாலும் வசனத்துக்கு முன்பே கண்ணில் வந்து போய்விடும். கேமரா எங்கே நிற்கிறதோ அதுதான் அங்கே கடைசி வரிசை. கூத்தில் மைக்கைத் தேடி நீங்கள் போவீர்கள். படப்பிடிப்பில் மைக் உங்கள் சேலைக்குள் இருக்கும், அல்லது தலைக்கு மேல் கம்பில் தொங்கும்.

கூத்திலிருந்து வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள் நான்கு. சபையைப் பார்த்துப் பேசிய பழக்கத்தில் முகம் லென்ஸ் பக்கம் திரும்பும். வசனம் முடிந்ததும் பின்பாட்டுக்காரர் எடுப்பார் என்று ஒரு நொடி காத்திருப்பார்கள். வரிக் கடைசியை இழுப்பார்கள். அடவு போட்ட கால் சும்மா நிற்காது, எடை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறிக்கொண்டே இருக்கும். கிளோஸ்அப்பில் இதனால் தலை ஆடும், முகம் ஃபோகஸிலிருந்து நழுவும்.

இதற்குப் பயிற்சி வீட்டிலேயே செய்யலாம். கர்ணனிடம் பொன்னுருவி குலம் கேட்டு வாதாடும் இடத்தில் ஆறு வரி எடுத்துக்கொள்ளுங்கள். போனைக் கண் உயரத்தில், ஆறடி தள்ளி, படுக்கை வாட்டில் வையுங்கள். முதல் தடவை மேடையில் செய்வது போலவே செய்யுங்கள். இரண்டாவது, எதிர்த் திண்ணையில் இருப்பவரிடம் பேசும் குரலில். மூன்றாவது, போனை மூன்றடிக்குக் கொண்டுவந்து, உட்கார்ந்து, கை மடியில், போனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து. மூன்றையும் முதலில் சத்தம் இல்லாமல் பாருங்கள், பிறகு படத்தைப் பார்க்காமல் கேளுங்கள். மூன்றாவதில் பெரும்பாலும் முகம் செத்துப்போகும். "குறை" என்றதும் உணர்ச்சியையே குறைத்துவிடுவதால் வருவது அது. கோபம் முழுசாக இருக்கட்டும். அது புருவத்துக்கும் கைக்கும் போகும் வழியை மட்டும் அடையுங்கள். மூச்சில் தெரியும், போதும்.

படப்பிடிப்பில் இன்னும் மூன்று விஷயம். தரையில் டேப் ஒட்டிய மார்க்கில் குனிந்து பார்க்காமல் போய் நிற்க வேண்டும்: மார்க்கில் நின்று, பின்னோக்கி ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து எண்ணிக்கொண்டே தொடங்கும் இடத்துக்குப் போங்கள், எந்தக் காலில் கிளம்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும். எந்தச் சொல்லில் டம்ளரை எடுத்தீர்களோ, வைட் ஷாட்டிலும் (இடம் முழுக்கத் தெரியத் தூரத்திலிருந்து எடுப்பது) கிளோஸ்அப்பிலும் அதே சொல்லில் எடுங்கள். மாறினால் எடிட்டிங்கில் உங்கள் நல்ல டேக்கைத்தான் தூக்கிப் போடுவார்கள். கூத்து போல் கதை வரிசையாக நடக்காது, கடைசிக் காட்சியை முதல் நாளே எடுப்பார்கள். ஆகவே ஒவ்வொரு காட்சிக்கும் "இதற்கு முன் இவளுக்கு என்ன நடந்தது" என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதிவையுங்கள். அழுகை இருந்தால் வைட் ஷாட்டிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். கிளோஸ்அப் பெரும்பாலும் கடைசியில்தான் வரும்.

அம்மா சொன்ன உதாரணம் சரிதான், ஆனால் எந்தக் காலத்து ஆளைப் பார்க்கிறோம் என்பது முக்கியம். 1931-ல் முதல் தமிழ்ப் பேசும்படத்தில் நாயகியான டி.பி.ராஜலட்சுமியும், 1935-ல் நந்தனாராக நடிக்க ஒரு லட்சம் ரூபாய் வாங்கிய கே.பி.சுந்தராம்பாளும் மேடைக் குரலை அப்படியே கொண்டுபோக முடிந்தது. அன்றைய படமே பாட்டு நிறைந்த, படம்பிடித்த நாடகம் மாதிரிதான். 1958-ல் திரைக்கு வந்த மனோரமாவுக்கு அந்த வசதி இல்லை. மேடையின் துடிப்பு எங்கே வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று அளந்து செய்தவர் அவர். 1968-ல் வந்த தில்லானா மோகனாம்பாளில் நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியாக அவர் எங்கே பெரிதாகிறார், எங்கே சட்டென்று சின்னதாகிறார் என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பாடமே அதில் இருக்கிறது.

ஆடிஷன் வீடியோ: ஜன்னலைப் பார்த்து நின்று, பகல் வெளிச்சத்தில், ஒரே நிறச் சேலை அல்லது சுடிதார். ஃபில்டர், கனத்த மேக்கப் வேண்டாம். பெயர், வயது, உயரம், ஊர், பேசத் தெரிந்த மொழிகள். பிறகு இடது, வலது பக்கவாட்டு முகம். பிறகு ஒரு நிமிட நடிப்பு. உங்கள் பக்கம் தெலுங்கோ கன்னடமோ காதில் விழுந்தே வளர்ந்திருப்பீர்கள். பேச வருமென்றால் முதலிலேயே சொல்லுங்கள், அது தனி மதிப்பு. ராத்திரி முழுக்கக் கூத்தாடிய மறுநாள் மட்டும் ஆடிஷன் வைத்துக்கொள்ளாதீர்கள். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுவென்று பேசுவதும் கெடுதல்தான், பேசாமல் இருப்பதே நல்லது. மூன்று வாரம் ஆகியும் கரகரப்பு போகாவிட்டால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

முறையாகப் படிக்க விருப்பம் இருந்தால் சென்னையையே நினைக்க வேண்டாம். ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். தேசிய நாடகப் பள்ளியின் மையம் அங்கே இருக்கிறது, ஓராண்டுப் பயிற்சி. புதுவைப் பல்கலைக்கழகத்திலும் நாடகத்துக்கு முதுகலைப் படிப்பு உண்டு. சென்னை என்றால் ந.முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழு; நடிகை கலைராணி அங்கிருந்து திரைக்குப் போனவர்தான். அவர்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டதில் தெருக்கூத்தும் உண்டு. உங்கள் கையில் அது ஏற்கெனவே இருக்கிறது.

எனவே கூத்தை விடாதீர்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினர் ஆகாவிட்டால் இப்போதே ஆகுங்கள். சேலத்திலுள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் விவரம் கிடைக்கும். மாவட்டக் கலை மன்ற விருதுகளில் 19 முதல் 35 வயது வரைக்கும் உள்ளது கலை வளர்மணி. அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள்.

பங்குனியிலிருந்து ஆடி வரை, திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதக் கூத்து நடக்கும் பாரத விழா நெருக்கம். அச்சாரம் வாங்கிய ராத்திரிக்கு ஷூட்டிங் ஒத்துக்கொள்ளாதீர்கள். திரௌபதி இல்லாமல் துகிலுரிதல் நடக்காது, கூத்து வாத்தியார் கடைசி நேரத்தில் ஆளுக்கு எங்கே போவார்? டேட் கேட்கும் மேனேஜரிடம் அந்தத் தேதிகளை எழுதி முதலிலேயே அனுப்பிவிடுங்கள். சம்பளம், பேட்டா, போக்குவரத்து, தங்குமிடம் நான்கையும் அதே மெசேஜில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.