வரைபடம் வராத கடைக்கு 68 ஆயிரம் எதற்கு? நெட்வொர்க் சாஃப்ட்வேர் கேள்வி-பதில்

கேள்வி: தெற்கு மாசி வீதியில் மூன்று மாடி ஜவுளிக்கடை வைத்திருக்கிறோம். பில் போடும் கம்ப்யூட்டர் 9, ஆபீஸில் 4, பில் பிரிண்டர், பார்கோடு பிரிண்டர், கேமரா 32. வாரத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது ஒரு கவுண்டர் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் காணாமல் போகிறது, ரீஸ்டார்ட் பண்ணினால் வருகிறது. எல்லாச் சாதனத்தையும் தானாகவே கண்டுபிடித்து வரைபடம் போட்டுக் காட்டும் சாஃப்ட்வேர் இருக்கிறது, 50 சாதனத்துக்கு வருஷம் 68,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். அவர் லேப்டாப்பில் டெமோ பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. வாங்கலாமா அண்ணே?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். சாஃப்ட்வேரில் குறை ஒன்றும் இருக்காது, உங்கள் கடையில் அது காட்டுவதற்குத்தான் அதிகம் இல்லை.

இது எப்படித் தேடுகிறது என்று தெரிந்துவிட்டால் அந்தக் கொட்டேஷனை நீங்களே எடை போட்டுவிடலாம். 192.168.1.1-இல் ஆரம்பித்து 192.168.1.254 வரை என்று ஒரு ஐபி வரிசையை (ஐபி என்பது நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள எண்) கொடுக்கிறோம், அது ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டுப் பார்க்கிறது. பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரிதான், 'உள்ளேன் ஐயா' என்று குரல் கொடுத்தவன் மட்டும் நோட்டில் ஏறுவான். பதில் சொன்ன சாதனத்திடம் அப்புறம் நீ யார், என்ன மாடல், எத்தனை போர்ட், டோனர் எவ்வளவு மிச்சம் என்று எஸ்என்எம்பி என்ற பொதுவான விசாரிப்பு முறை வழியாக விசாரிக்கும், விண்டோஸ் கம்ப்யூட்டராக இருந்தால் விண்டோஸுக்கே உரிய டபிள்யூஎம்ஐ வழியாக விசாரிக்கும். ஐபி இல்லாத பெட்டியைக் கூப்பிடவே வழி கிடையாது.

இப்போது உங்கள் கடைக்கு வருவோம். கேமரா 32 என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கோஆக்ஸ் கேபிளில் டிவிஆர் என்ற ரெக்கார்டிங் பெட்டிக்கு வருகிற பழைய வகை என்றால் கேமராவுக்கு ஐபியே இல்லை, டிவிஆர் மட்டும்தான் கண்ணில் படும். ஐபி கேமராவுக்கான ரெக்கார்டிங் பெட்டியான என்விஆரின் பின்பக்க போர்ட்டுகளில் நேராகச் செருகிய ஐபி கேமரா என்றால் அவை என்விஆருக்குள் இருக்கும் தனி நெட்வொர்க்கில் உட்கார்ந்திருக்கும், கடை நெட்வொர்க்குக்கு அப்போதும் என்விஆர் ஒன்றுதான் தெரியும். பார்கோடு பிரிண்டரும் பில் பிரிண்டரும் யூஎஸ்பி வயரில் இருந்தால் அவையும் கணக்கில் வராது. ஆக, 50 சாதனத்துக்குக் காசு கேட்டிருக்கிறார், உங்கள் கடையில் உண்மையில் பதில் சொல்லப்போவது இருபதைத் தாண்டுமா என்பதே சந்தேகம்.

வரைபடம் இன்னும் மோசம். மாடிக்கு ஒன்றாக, கல்லாவுக்கு அடியில் தூசியோடு கிடக்கும் அந்த 8 போர்ட் ஸ்விட்ச்சைத் திருப்பிப் பாருங்கள். லாகின் பண்ண எந்த விவரமும் அடியில் எழுதியிருக்காது, ஏனென்றால் அது அன்மேனேஜ்டு ஸ்விட்ச், அதற்கு ஐபியும் கிடையாது, எந்த வயரில் எந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று வெளியே சொல்லவும் தெரியாது. எந்தப் போர்ட்டில் எது என்று கோடு போட்டுக் காட்ட வேண்டுமானால் ஸ்விட்ச் எஸ்என்எம்பிக்கும், பக்கத்தில் இணைந்திருப்பது எது என்று சொல்லும் எல்எல்டிபிக்கும் பதில் சொல்கிற மேனேஜ்டு வகையாக இருக்க வேண்டும். டெமோவில் நீங்கள் பார்த்தது அப்படிப்பட்ட ஸ்விட்ச் இருக்கும் இடத்தின் படம். உங்கள் கடையில் போட்டால் நடுவில் ஒரு ரவுட்டர், சுற்றி இருபது பொம்மை, அவ்வளவுதான் வரும். இதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதமும் சேர்த்து 80,240 ரூபாய். பதிவு பெற்ற கடை என்றால் அந்த 12,240-ஐ இன்புட் கிரெடிட்டில் எடுத்துக்கொள்ளலாம்தான், அதற்காக வாங்குவது நியாயமில்லை.

கம்ப்யூட்டர் காணாமல் போவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஐபி மோதலை. டிவிஆரையோ ஒரு பிரிண்டரையோ யாரோ கையால் 192.168.1.10 என்று வைத்திருப்பார்கள், ரவுட்டரும் அதே எண்ணை தானாக எண் கொடுக்கும் டிஎச்சிபி வழியாக ஒரு கவுண்டருக்குக் கொடுத்துவிடும், இரண்டும் அடித்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிறது என்று நீங்கள் சொல்வதும் இதோடு பொருந்துகிறது. இதைப் பிடிக்க அட்வான்ஸ்டு ஐபி ஸ்கேனர் போதும், விண்டோஸில் ஓடும், இலவசம். ஆங்ரி ஐபி ஸ்கேனரும் இலவசம், ஓப்பன் சோர்ஸ். கடை திறந்து எல்லாக் கம்ப்யூட்டரையும் போட்ட பிறகு ஒரு தடவை ஓட்டி எக்செல்லில் சேமியுங்கள், ஒரு கம்ப்யூட்டர் விழுந்த நேரத்தில் மறுபடி ஓட்டி, அதன் ஐபியில் இப்போது வேறு மேக் முகவரி (சாதனத்துக்குத் தயாரிப்பிலேயே கொடுத்த அடையாள எண்) உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேக் முகவரியின் முதல் பாதி தயாரிப்பாளரைக் காட்டிக்கொடுக்கும், கவுண்டர் கம்ப்யூட்டரின் எண்ணில் கேமரா கம்பெனி பெயர் வந்தால் கதை முடிந்தது. பிறகு ரவுட்டரில் டிஎச்சிபி வரிசையை 100-க்கு மேல் ஆரம்பிக்கும்படி வைத்துவிட்டு, கையால் வைக்கும் எண்களை அதற்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றைத் தேடி வருகிற முதல் விளம்பர லிங்க்கில் மட்டும் டவுன்லோட் பண்ணிவிடாதீர்கள். இந்தப் பெயர்களில் போலித் தளங்கள் வந்து போய்க்கொண்டே இருக்கின்றன. ஆன்டிவைரஸ் சில நேரம் அசல் ஸ்கேனரையே கண்டு கத்தும், திருடர்களும் இதே கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதால்.

காசு கொடுத்து வாங்கத் தகுந்த இடமும் உண்டு. நூற்றுக்கணக்கில் கம்ப்யூட்டர், எல்லாம் மேனேஜ்டு ஸ்விட்ச், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று இருக்கும் கல்லூரி, ஆலை, பெரிய ஆஸ்பத்திரி. அங்கே கூட ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு சாஃப்ட்வேர் லைசென்ஸ் கட்டணம் இல்லாமல் கிடைக்கிறது, ஆனால் அதன் சர்வர் லினக்ஸில்தான் ஓடும், லினக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும். விண்டோஸிலேயே வேண்டும் என்றால் நம்ம தென்காசி வரைக்கும் ஆபீஸ் போட்டிருக்கும் ஜோஹோவின் ஆப்மேனேஜர், ஜெர்மனிக்காரர்களின் பிஆர்டிஜி. விலை கேட்கும்போது கணக்கு சாதனத்துக்கா சென்சாருக்கா (சாதனத்தில் கண்காணிக்கும் ஒவ்வொரு விஷயமும் ஒரு சென்சார்) என்று முதலில் கேளுங்கள். சென்சார் கணக்கு என்றால் 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்றே 24 சென்சாரைத் தின்றுவிடும்.

கேள்வி: கே.கே. நகரில் ஸ்கேன் சென்டர் நடத்துகிறோம். மேலே நீங்கள் சொன்ன மாதிரி ஒன்றை ஏற்கெனவே வாங்கி ரிசப்ஷன் லேப்டாப்பில் போட்டாயிற்று. 18 சாதனம் இருக்கிறது, 6 மட்டும் காட்டுகிறது, அதிலும் பாதிக்குப் பெயர் இல்லை. விற்றவர் உங்கள் நெட்வொர்க்தான் சரியில்லை என்கிறார்.

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை, ஆனால் அதைச் சரிபண்ணிக் கொடுப்பதும் அவர் வேலைதான், இன்ஸ்டாலேஷன் சார்ஜ் என்று பில்லில் எழுதியிருந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

முதலில் லேப்டாப்பை விடுங்கள். மூடினால் தூங்கிவிடும், வைஃபையில் இருக்கும், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடும். எப்போதும் ஓடுகிற, வயரில் இணைந்த, ஐபி மாறாத, யூபிஎஸ்ஸில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டரில் போடுங்கள். 100 வாட் டெஸ்க்டாப் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாத பில்லில் 144 யூனிட் கூடும், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் எல்லாச் சாதனமும் ஒரே வரிசையில் இருக்கிறதா பாருங்கள். நம் ஊரில் அடிக்கடி நடப்பது என்னவென்றால், இன்டர்நெட்காரர் வைத்துவிட்டுப்போன பெட்டி ஒன்று, வைஃபை எட்டவில்லை என்று நாம் கடையில் வாங்கி அதில் செருகிய ரவுட்டர் இன்னொன்று. இன்டர்நெட் வயருக்கான வான் போர்ட்டில் செருகியிருந்தால் முன்னது 192.168.1 வரிசை, பின்னது 192.168.0 வரிசை, இரண்டும் தனித்தனி வீடு. ரிசப்ஷன் பக்கத்தில் இருப்பது மட்டும் தெரிந்து உள்ளே டாக்டர் அறையில் இருப்பவை தெரியாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இரண்டாவது ரவுட்டரை வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்ஸஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றினால் எல்லாம் ஒரே வீடாகிவிடும். பதற்றத்தில் வரிசையைப் பெரிதாக்கி 192.168.0.0 ஸ்லாஷ் 16 என்று போட்டுவிடாதீர்கள், 65 ஆயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணைத் தட்டிக்கொண்டே இருக்கும், பதிலும் வராது.

அடுத்தது விண்டோஸ் ஃபயர்வால். நெட்வொர்க் பப்ளிக் என்று இருந்தால் அந்தக் கம்ப்யூட்டர் பிங் என்ற 'இருக்கிறாயா' அழைப்புக்கு வாயே திறக்காது. செட்டிங்ஸில் அதைப் பிரைவேட் ஆக்கி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கை ஆன் பண்ணுங்கள். ஒரே வரிசையில் இருந்தால் ஐபியைச் சொல்லி மேக் முகவரியைக் கேட்கும் ஏஆர்பி முறையிலும் தேடச் சொல்லலாம், அதை விண்டோஸ் ஃபயர்வால் தடுக்காது, பெயர் வராவிட்டாலும் ஆள் இருக்கிறது என்பதாவது தெரியும்.

பெயர் இல்லாமல் வருவது பெரும்பாலும் அனுமதி கொடுக்காததால். பிரிண்டரிலும் ஸ்விட்ச்சிலும் எஸ்என்எம்பி ஆன் ஆகியிருக்க வேண்டும், அது யூடிபி 161-ஆவது போர்ட்டில் பேசும். பழைய இரண்டு பதிப்புகளிலும் கம்யூனிட்டி என்று ஒரு சொல்தான் பாஸ்வேர்ட், அதுவும் பல சாதனங்களில் கம்பெனியிலிருந்து வரும்போதே 'பப்ளிக்' என்று இருக்கும், அதை மாற்றுங்கள். சாதனம் ஏற்றுக்கொண்டால் மூன்றாம் பதிப்பை வையுங்கள், அதில் பாஸ்வேர்டும் குறியாக்கமும் உண்டு. விண்டோஸுக்கு உங்கள் சொந்த அட்மின் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் இதற்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்கிக் கொடுங்கள். இந்த சாஃப்ட்வேர் உட்காரும் கம்ப்யூட்டரில்தான் மொத்த இடத்தின் சாவிக்கொத்தும் இருக்கிறது. 2020 டிசம்பரில் வெளியே வந்த சோலார்விண்ட்ஸ் என்ற கம்பெனியின் விவகாரம் இந்த வகை சாஃப்ட்வேரில்தான் நடந்தது, அப்டேட்டிலேயே கள்ளச் சரக்கை ஏற்றிவிட்டார்கள், அமெரிக்க அரசாங்க ஆபீஸ்களே மாட்டிக்கொண்டன.

ஸ்கேன் சென்டர் என்பதால் ஒன்று முக்கியம். அல்ட்ராசவுண்ட், சிடி கன்சோல்கள் இருக்கும் ஐபிகளைத் தேடல் வரிசையிலிருந்து விலக்கிவிடுங்கள், அல்லது வெறும் பிங்கோடு நிறுத்துங்கள். எல்லாப் போர்ட்டையும் தட்டுகிற ஸ்கேன் சில மருத்துவக் கருவிகளை உறைய வைத்துவிடும், உள்ளே நோயாளி படுத்திருக்கும்போது அந்த வம்பு வேண்டாம். சர்வீஸ் என்ஜினியரிடம் கேட்காமல் அதன் பக்கம் போகாதீர்கள். சாதாரண லேசர் பிரிண்டர்கூட 9100-ஆவது போர்ட்டைத் தட்டினால் என்னவோ பிரிண்ட் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு புரியாத எழுத்துகளோடு தாள் தாளாகத் துப்பும். யாரோ ஹேக் பண்ணிவிட்டார்கள் என்று ஊரைக் கூட்டுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தினம் ஒரு தேடல் போதும், காலை 11 மணிக்கு வையுங்கள். ராத்திரி 2 மணிக்கு வைத்தால் மூடிக்கிடக்கும் கம்ப்யூட்டரை எல்லாம் காணோம் என்று மெயில் அனுப்பும்.

கேள்வி: மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் லாட்ஜ். தினமும் புதிது புதிதாக முன்பின் தெரியாத சாதனங்கள் பட்டியலில் ஏறுகின்றன, இப்போது லைசென்ஸ் தீர்ந்துவிட்டது, கூடுதலாக வாங்குங்கள் என்கிறது.

பதில்: வாங்காதீர்கள், அவை எல்லாம் ரூமில் தங்கினவர்களின் போன்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன் தன் அசல் மேக் முகவரியைக் காட்டாமல் ஒரு வேஷ முகவரியோடுதான் வைஃபையில் சேர்கிறது. மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ என்று இருந்தால் வேஷம் என்று வைத்துக்கொள்ளலாம். சித்திரைத் திருவிழா சமயத்தில் உங்கள் பட்டியல் எவ்வளவு நீளும் என்று யோசித்துப் பாருங்கள். விருந்தினர் வைஃபையைத் தனி வரிசையாக்கி, ஒரு போன் இன்னொன்றைப் பார்க்காதபடி தடுக்கும் கிளையன்ட் ஐசொலேஷன் ஆன் பண்ணி, அந்த வரிசையைத் தேடலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஏறின பழைய பெயர்களை அழித்தால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: திருப்பாலையில் வீடு. பக்கத்து வீட்டுப் பையன் நம் வைஃபையில் இருக்கிறானா என்று பார்க்க எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

பதில்: ஒன்றும் வாங்க வேண்டாம், ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்திலேயே பட்டியல் இருக்கும். சந்தேகம் வந்துவிட்டதென்றால் பார்த்துக்கொண்டிருக்காமல் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

கேள்வி: கப்பலூர் சிட்கோவில் சின்ன பிளாஸ்டிக் யூனிட், நானும் இரண்டு பேரும்தான் வேலை. 22,000 கொடுத்து ஒரு வருஷ லைசென்ஸ் என்று வாங்கினேன், முப்பதாவது நாள் டிரையல் முடிந்தது என்று நின்றுவிட்டது. விற்றவர் போனை எடுப்பதில்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியுமா?

பதில்: முதலில் அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கே மெயில் போட்டு உங்கள் பெயரில் லைசென்ஸ் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள், எழுத்தில் வரும் பதில் பின்னால் சாட்சியாகும். கிராக் போட்டுத் தருகிறேன் என்று விற்றவரே திரும்பி வந்தால் உள்ளே விடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டார் என்றால் கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்ணி, அதில் கொடுத்த பாஸ்வேர்டுகள் அத்தனையும் மாற்றுங்கள்.

கோர்ட் விஷயம் கொஞ்சம் நெளிவு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் சுயதொழில் செய்து அதிலேயே பிழைப்பவர் அந்தப் பிழைப்புக்காக மட்டும் வாங்கியது வியாபார நோக்கத்தில் சேராது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நீங்களே நின்று வேலை பார்க்கும் மூன்று பேர் யூனிட் என்பதால் வாதிட இடம் இருக்கிறது, மேலே எழுதிய ஜவுளிக்கடைக்கு இந்த வழி கஷ்டம், அவர்கள் சிவில் கோர்ட்டைத்தான் பார்க்க வேண்டும்.

1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள், செலவில்லை, சில பேர் அந்த போனுக்கே இறங்கி வந்துவிடுவார்கள். வரவில்லை என்றால் ரிஜிஸ்டர் தபாலில் ஒரு நோட்டீஸ், அப்புறம் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் கோயம்புத்தூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் நீங்கள் இருக்கும் இடத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஜிஎஸ்டி பில், ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் அவர் 'ஒரு வருஷம்' என்று எழுதியது, டிரையல் முடிந்தது என்று வந்த திரையின் போட்டோ, இவற்றை இன்றைக்கே ஒரு பென் டிரைவில் ஏற்றி வையுங்கள். வெறும் எஸ்டிமேட் தாளில் காசு வாங்கியிருந்தார் என்றால் அந்தத் தாளையும் தூக்கிப் போடாதீர்கள், பணம் போன வங்கிக் கணக்கு ஸ்டேட்மென்ட்டை அதோடு சேர்த்து வையுங்கள்.