அரிசோனாவுக்கு அக்டோபரில் வேண்டாம், நவம்பரில் போங்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். அக்டோபர் இரண்டாம் வாரம் எட்டு நாள் லீவில் ஃபீனிக்ஸ், கிராண்ட் கேன்யன், மான்யுமென்ட் வேலி, சான்டா ஃபே நான்கையும் பார்க்க ஆசை. கணவருக்கு இரண்டு நாளாவது கோல்ஃப் ஆட வேண்டும். மதுரையிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் உடன் வருகிறார். அவர் சைவம், வயது 68, முழங்கால் வலி உண்டு. அந்த ஊர்ச் சாப்பாட்டையும் ருசி பார்க்க வேண்டும். எப்படித் திட்டமிடலாம்?

பதில்: முதலில் தேதியை மாற்றுங்கள். ஃபீனிக்ஸ், ஸ்காட்ஸ்டேல் பக்கத்து மைதானங்களில் கோடையில் இருப்பது பெர்முடா புல். குளிர் வந்தால் அது பழுப்பாகிப் படுத்துவிடும். அதனால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை அதை ஒட்ட வெட்டி, மேலே ரை புல் விதை தூவுவார்கள். இதற்கு ஓவர்சீடிங் என்று பெயர். அந்த இரண்டு மூன்று வாரம் மைதானம் மூடியிருக்கும். திறந்த புதிதிலும் கோல்ஃப் வண்டியைப் புல்லில் இறக்க விடமாட்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் பாதையிலிருந்து பந்து வரை நடந்து போய் வர வேண்டும். ஓயாமல் நீர் பாய்ச்சுவதால் தரை ஈரமாக இருக்கும், பந்து உருளாது. ஆகவே நவம்பர் இரண்டாம் வாரம் போங்கள். முன்பதிவு செய்யும்போதே “ஓவர்சீடிங் எப்போது முடிகிறது, வண்டி புல்லில் போகலாமா” என்று கேட்டுவிடுங்கள்.

நவம்பரில் இன்னொரு வசதியும் உண்டு. அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதற்குள்ளேயே இருக்கும் நவஹோ பழங்குடி நிலம் மாற்றும். அக்டோபரில் போனால் மான்யுமென்ட் வேலிக்குள் நுழைந்ததும் ஒரு மணி நேரம் முன்னே ஓடும், இது தெரியாமல் போனால் ஜீப் சுற்றுலாவைத் தவறவிட நேரும். நவம்பர் முதல் ஞாயிறு கழிந்தால் இரண்டு இடத்திலும் ஒரே நேரம்.

பக்கத்து மாநிலமான நியூ மெக்ஸிகோவில் இருக்கும் சான்டா ஃபேயை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். ஃபீனிக்ஸிலிருந்து காரில் ஏழரை மணி நேரத்துக்குக் குறையாது. அதற்கென்று தனியாக ஒரு செப்டம்பரில் போனால், அந்த மாநிலத்து ஹாட்ச் ஊர்ப் பச்சை மிளகாயைத் தெருவோரம் இரும்புக் கூண்டில் சுட்டெடுக்கும் பருவமாக இருக்கும்.

கோல்ஃபை முதலிலேயே முடித்துவிடுங்கள். உங்கள் ஊரைவிட அங்கே இரண்டு மணி நேரம் பின்னால். காலை ஏழு மணி டீ டைம் (ஆட்டம் தொடங்க முன்பதிவு செய்யும் நேரம்) உங்கள் உடம்புக்கு ஒன்பது மணி, எழுந்திருக்கச் சிரமமே இருக்காது. மத்தியானம் விலை குறையும் என்று பார்த்துப் போகாதீர்கள். ஒரு சுற்றுக்கு நாலு, நாலரை மணி நேரம் ஆகும், ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

முதல் ஆட்டத்துக்கு நான் சொல்வது பபாகோ. ஃபீனிக்ஸ் நகராட்சியின் மைதானம், சுற்றிலும் செம்பாறைக் குன்றுகள். டெசர்ட் பொட்டானிக்கல் கார்டன் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் ஆடும் நேரத்தில் நீங்களும் அம்மாவும் சகுவாரோ கள்ளிகளுக்கு நடுவே நிதானமாக நடந்து வரலாம். இரண்டாவது, கொஞ்சம் செலவு செய்யத் தயார் என்றால் டிபிசி ஸ்காட்ஸ்டேல் ஸ்டேடியம் கோர்ஸ். பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் ஓப்பன் நடக்கும்போது பதினாறாவது குழியைச் சுற்றிப் பார்வையாளர் மாடங்கள் எழும்புவது இங்கேதான். வீடுகள் எதுவும் கண்ணில் படாத வெறும் பாலைவனம் வேண்டும் என்றால் வீ-கோ-பா மைதானம்.

இந்த மைதானங்களில் ஃபேர்வேயை, அதாவது வெட்டிய புல்தரையை, விட்டுப் பந்து விலகினால் முள்ளும் கல்லும்தான். புதருக்குள் கைவிட்டுத் தேடவே கூடாது, சாரைப்பாம்பு அல்ல, வாலை ஆட்டும் விஷப்பாம்பு (ராட்டில்ஸ்னேக்) இருக்கும் இடம் அது. பல மைதானங்கள் தண்டனையாக ஸ்கோரில் ஒரு ஸ்ட்ரோக் கூட்டிக்கொண்டு பந்தை வெளியே போட்டு ஆட அனுமதிக்கின்றன. ஸ்கோர் கார்டின் பின்பக்கம் பாருங்கள். சோய்யா என்ற கள்ளியின் துண்டு லேசாக உரசினாலே ஒட்டிக்கொள்ளும். விரலால் பிடுங்கினால் விரலிலும் ஏறும். சீப்பை அடியில் கொடுத்துத் தட்டிவிட வேண்டும். பையில் ஒரு சீப்பு கட்டாயம்.

நான்காம் நாள் செடோனா, இரண்டு மணி நேரம். மறுநாள் ஓக் க்ரீக் பள்ளத்தாக்கு வழியாக ஃபிளாக்ஸ்டாஃப் ஏறி கிராண்ட் கேன்யன் தென் விளிம்பு. வட விளிம்பை நினைக்க வேண்டாம், அங்கிருந்த விடுதி 2025 ஜூலைக் காட்டுத்தீயில் எரிந்துபோனது. ஃபீனிக்ஸ் சுமார் 1,100 அடி உயரம். தென் விளிம்பு 7,000 அடி, ஏறக்குறைய கொடைக்கானல். பகலில் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ், இரவில் உறைநிலைக்குக் கீழே. அம்மாவுக்குக் கம்பளித் தொப்பியும் கையுறையும் எடுங்கள். முதல் நாள் மூச்சு வாங்கினால் உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், நடையை மறுநாளைக்கு வையுங்கள்.

மேத்தர் பாயின்ட்டிலிருந்து யவபாய் பாயின்ட் வரை முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவு. தளம் போட்ட பாதை, சக்கர நாற்காலியும் போகும். அம்மாவுக்கு இதுவே போதும், காட்சி எதுவும் குறையாது. நீங்கள் இருவரும் கொஞ்சம் இறங்கிப் பார்க்க நினைத்தால் சவுத் கைபாப் பாதையில் ஊ ஆ பாயின்ட், போக வர 1.8 மைல். வழியில் தண்ணீர் கிடையாது. இறங்கிய நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஆகும். பாதை தொடங்கும் இடத்துக்கு பூங்கா பஸ்ஸில்தான் போக முடியும்.

கட்டணம்: காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். 2026 ஜனவரியிலிருந்து, அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு இந்தப் பூங்காவில் ஆளுக்கு 100 டாலர் கூடுதல். அம்மாவுக்காக அதை பட்ஜெட்டில் சேருங்கள். போவது ஒரே தேசியப் பூங்கா என்பதால் 250 டாலர் வருடப் பாஸ் தேவையில்லை. மான்யுமென்ட் வேலி நவஹோ மக்களுடையது. அங்கே தேசியப் பூங்கா பாஸ் செல்லாது, தனிக் கட்டணம். உள்ளே இருக்கும் 17 மைல் மண் பாதையில் வாடகைக் காரை விடாதீர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் மண் சாலையைத் தடுக்கின்றன, மணலில் சிக்கினால் செலவு உங்களுடையது. நவஹோ வழிகாட்டியின் ஜீப்பில் போங்கள். குலுக்கல் அதிகம், அம்மா விசிட்டர் சென்டர் மாடியிலிருந்தே மூன்று பெரும் பாறைகளையும் பார்த்துக்கொள்ளட்டும். நவஹோ நிலத்தில் மது வைத்திருப்பதே குற்றம், காரில் பாட்டில் இருக்கக் கூடாது.

சாப்பாட்டில் சைவத்துக்குச் சிக்கல் இறைச்சித் துண்டில் இல்லை, கொழுப்பில் இருக்கிறது. அரிசோனா சமையல் மெக்ஸிகோவின் சொனோரா மாநிலத்துச் சமையல்: பெரிய, மெல்லிய கோதுமை டோர்ட்டியா, மசித்த பீன்ஸ், சுட்ட மாட்டிறைச்சி. டோர்ட்டியா மாவிலும் பீன்ஸிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அந்த ஊர் வழக்கம். சிவந்த சாதம் பெரும்பாலும் கோழிச் சாற்றில் வேகும். “வெஜிடேரியனா?” என்று கேட்டால் “ஆமாம்” என்றுதான் பதில் வரும், இறைச்சி இல்லை என்பதே அவர்கள் கணக்கு. “மான்டேகா (பன்றிக் கொழுப்பு) இருக்கிறதா, சிக்கன் ஸ்டாக் இருக்கிறதா” என்று பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சோள டோர்ட்டியாவில் பொதுவாகச் சோளமும் சுண்ணாம்பும் தண்ணீரும்தான். அதோடு கலபசீட்டாஸ் வாங்கிக் கொடுங்கள்: சீமைச் சுரைக்காய் வகை, சோளம், மிளகாய், சீஸ். அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

ஏழாம் நாள் டெசர்ட் வியூ சாலை வழியாக இறங்கும்போது, 1916-ல் தொடங்கிய கேமரன் டிரேடிங் போஸ்ட்டில் நிறுத்துங்கள். பூரி போல் உப்பும் ஃப்ரை பிரெட் மேல் பீன்ஸும் இறைச்சியும் குவித்த நவஹோ டாக்கோ அங்கே பேர்போனது. ஒன்று இருவருக்குப் போதும். 1864-ல் ராணுவம் நவஹோ மக்களை ஊரைவிட்டு நடத்திக்கொண்டு போய் அடைத்தபோது ரேஷனில் தந்த மாவும் கொழுப்பும் கொண்டு பிறந்த பண்டம் அது. அம்மாவுக்குத் தேனோடு வெறும் பிரெட், பொரித்த எண்ணெய் எது என்று கேட்ட பிறகு.

எட்டாம் நாள் மான்யுமென்ட் வேலியிலிருந்து ஃபீனிக்ஸுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும்; விமானம் இரவு எட்டுக்குப் பிறகு இருக்கட்டும். கிராண்ட் கேன்யன் விளிம்பில் இருக்கும் விடுதி அறைகள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். அதை முதலில் பிடியுங்கள், டீ டைமை அந்தத் தேதிக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம்.