வாரண்டியில் போய்வந்த ட்ரைசூட் இன்னும் ஒழுகுகிறதா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். வார இறுதிகளில் லெஸ்டர்ஷயரில் உள்ள ஸ்டோனி கோவ் குவாரிக்கு டைவிங் போவது வழக்கம். 14 மாதங்களுக்கு முன் ஒரு புது ட்ரைலாமினேட் (மூன்று அடுக்குத் துணி) ட்ரைசூட், அதாவது தண்ணீர் உள்ளே புகாத டைவிங் உடை, வாங்கினேன். முன்பக்க ஜிப், கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீர் புகாமல் இறுகும் லேடெக்ஸ் (ரப்பர்) சீல். நாலாவது மாதமே வலது தொடையும் காலும் நனையத் தொடங்கின. அன்றே கடைக்கு மின்னஞ்சல் போட்டேன். வியர்வையாக இருக்கும் என்று மாதக்கணக்கில் தட்டிக்கழித்தார்கள். ஒருவழியாகத் தயாரிப்பாளருக்கு அனுப்பினார்கள்; ஐந்து வாரம் கழித்து "குறை எதுவும் இல்லை" என்ற சீட்டோடு திரும்பி வந்தது. போன ஞாயிறு மறுபடியும் கால் ஈரம். இனி என்ன செய்யலாம்?

பதில்: அந்தச் சீட்டைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் வழக்கமாகச் செய்யும் சோதனை என்னவென்று தெரிந்தால் அந்தச் சீட்டின் எடையும் தெரிந்துவிடும். மணிக்கட்டையும் கழுத்தையும் அடைத்து, சூட்டில் காற்று நிரப்பி, மேலே சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். அடைத்துவிட்டதால் மணிக்கட்டு சீலும் கழுத்து சீலும் சோதனைக்கே வருவதில்லை. சூட் மேசைமேல் அசையாமல் கிடப்பதால், நீங்கள் குனியும்போதோ காலை மடக்கும்போதோ மட்டும் வாய் திறக்கும் ஓட்டையும் தப்பிவிடும். ஆகவே ஒழுகும் இடத்தை நீங்களே கண்டுபிடித்து, அடையாளம் போட்டு, படத்தோடு அனுப்புங்கள். "கால் நனைகிறது" என்று மட்டும் எழுதி அனுப்பிய சூட்டுகள் இப்படித்தான் திரும்பி வருகின்றன.

முதலில் வியர்வைக் கேள்வியைத் தீர்த்துவிடுங்கள், கடைக்காரர் மறுபடி அதைத்தான் எடுப்பார். உடலிலிருந்து கிளம்பும் ஆவி குளிர்ந்த சூட்டின் உட்புறத்தில் படிந்து நீராவது உண்மைதான். ஆனால் அந்த ஈரம் மார்பு, முதுகு என்று பரவலாக, லேசாக இருக்கும். ஒழுக்கு அப்படியில்லை, ஓரம் தெளிவாகத் தெரியும் திட்டாகவோ கோடாகவோ இருக்கும், சூட்டுக்குள் கதகதப்புக்காகப் போடும் அண்டர்சூட்டைத் தாண்டி உள்ளாடை வரை ஊறியிருக்கும். ஒரே கால் மட்டும் பிழிகிற அளவுக்கு நனைந்தால் அது வியர்வை இல்லை.

அடுத்தது, நனைந்த இடத்தில்தான் ஓட்டை என்று நினைக்காதீர்கள். தண்ணீர் உள்ளே வழிந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில், 1919இல் ஜெர்மானியர்கள் தாங்களே மூழ்கடித்த போர்க்கப்பல்களைப் பார்க்கப் போயிருந்தபோது என் இடது முழங்கை வரை மூன்று நாள் நனைந்தது. தோள் தையல்தான் விட்டுவிட்டது என்று முடிவே கட்டியிருந்தேன். மூன்றாம் நாள் மாலை சூட்டைக் கழற்றும்போது பார்த்தால், அண்டர்சூட் கைநுனியிலிருந்து பிரிந்த ஒரு நூல் மணிக்கட்டு சீலுக்கு அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த ஒற்றை நூல் தண்ணீரை உள்ளே இழுத்திருக்கிறது.

உங்கள் விஷயத்தில் என் முதல் சந்தேகம் ஜிப்பின் கீழ்நுனி. முன்பக்க ஜிப் பெரும்பாலும் இடது தோளில் தொடங்கி வலது இடுப்பில் முடியும். வலது கால் நனைவதோடு அது பொருந்துகிறது. பிளாஸ்டிக் ஜிப் என்றால், இழுப்பான் கடைசியில் போய் உட்காரும் அந்தக் குழியில் முழுதாக இறுக வேண்டும். மூடிவிட்டதாகத் தோன்றிய பிறகும் இன்னொரு முறை பலமாக இழுத்துப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி ஒரு டைவில் காலை நனைக்கப் போதும். அந்தக் குழியில் மட்டும் அதற்கென்று தரும் கிரீஸைத் துளி தடவ வேண்டும். பித்தளை ஜிப் என்றால் வெளிப்பல் நெடுக மெழுகு தேய்த்துவிட்டு, இடுப்பு மடியும் இடத்தை வெளிச்சத்தில் மெல்ல வளைத்துப் பாருங்கள். பல் விலகியிருக்கிறதா, பற்களுக்கு நடுவே துணியோரம் பிசிறு விட்டிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஜிப்பில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த சந்தேகம் கவட்டுத் தையல். ஒவ்வொரு முறை ஏணி ஏறும்போதும் அதிகம் இழுபடுவது அதுதான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். வெளிர் சாம்பல் நிறக் காட்டன் பேன்ட், பனியன் போட்டு, மேலே சூட்டை மாட்டிக்கொண்டு, தண்ணீர் நிரப்பிய பாத்டப்பில் 20 நிமிடம் உட்காருங்கள். குனியுங்கள், காலை மடக்குங்கள், கையை முறுக்குங்கள். கழற்றியதும் அந்தச் சாம்பல் துணியில் ஈரம் தொடங்கிய இடம் கறுத்துத் தெரியும். உடனே படம் எடுத்துவிடுங்கள்.

பிறகு சோப்புச் சோதனை. மணிக்கட்டுகளில் பிளாஸ்டிக் பாட்டில், கழுத்தில் ஒரு பந்து என்று வைத்து, ரப்பர் பட்டையால் கட்டுங்கள். காற்று வெளியேறும் வால்வை முழுக்க மூடி, தலையணை அளவு விறைப்பு வரும்வரை மட்டும் காற்று விடுங்கள். அதற்குமேல் போனால் கழுத்து சீல் கிழியும். பாத்திரம் துலக்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பிரஷ்ஷால் ஜிப் நுனி, கவட்டுத் தையல், தொடை, சாக்ஸ் சேரும் இடம் என்று பூசுங்கள். பூசியதும் எழும் நுரையை நம்ப வேண்டாம். ஒரு நிமிடம் பொறுங்கள். ஊசித்துளை இருந்தால் கடுகளவு குமிழிகள் ஒரே புள்ளியில் கொத்தாகச் சேர்ந்து வளரும். துடைத்துவிட்டு அந்த இடத்தை வளைத்து மறுபடி பூசுங்கள். திரும்ப அங்கேயே வந்தால் வீடியோ எடுத்து, மெழுகுப் பென்சிலால் வட்டம் போடுங்கள்.

பசை எதுவும் பூசாதீர்கள். நீங்களே ஒட்டினால் ஆதாரமும் போகும், வாரண்டியை மறுக்கக் காரணமும் கிடைத்துவிடும். சிலிகான் ஸ்ப்ரே பட்ட இடத்தில் பிறகு எந்தப் பசையும் ஒட்டாது.

இனி சட்டம். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி உங்களுக்குப் பொறுப்பு, விற்ற கடைதான். தயாரிப்பாளரின் வாரண்டி அதற்குமேல் கிடைக்கும் கூடுதல் வசதி, அவ்வளவே. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால் அது விற்கும்போதே இருந்ததாகக் கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் வேலை. நாலாவது மாதம் நீங்கள் போட்ட மின்னஞ்சல் அதனால்தான் தங்கம் போன்றது. பழுது பார்க்க அனுப்பும் செலவும் கடையுடையது. ஒருமுறை பழுது பார்த்தும் சரியாகவில்லை என்றால், சூட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம், அல்லது வைத்துக்கொண்டு விலைக் குறைப்புக் கேட்கலாம். இத்தனை மாதம் பயன்படுத்தியதற்குக் கொஞ்சம் கழிப்பார்கள். சூட்டின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்து, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆவது பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமும் கேட்க முடியும்.

லேடெக்ஸ் சீல் தேய்ந்து போவது இதில் சேராது. காரின் டயர் மாதிரி அது. சோதனையில் குறை சீலில்தான் என்று தெரிந்தால், காசு கொடுத்து மாற்றிக்கொள்வதே சரி.

சூட்டை நன்கு கழுவிக் காயவைத்து, ஜிப் மடங்காமல் பாதத்திலிருந்து சுருட்டிப் பார்சல் கட்டுங்கள். வாங்கிய தேதி, முதல் புகாரின் தேதி, வட்டமிட்ட இடத்தின் படம் மூன்றையும் ஒரே தாளில் போட்டு உள்ளே வையுங்கள். அதையே கடைக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். இந்த முறை ஜிப்பை வளைத்துச் சோதிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

அது திரும்பும்வரை வாடகை சூட்டில் போங்கள். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். குளிர்கால ஸ்டோனி கோவில் ஒரு கால் நனைந்தபடி டைவ் செய்வதை, நான் கூட வந்தால் அனுமதிக்க மாட்டேன்.